பூனைக்கு ஒரு பேரேடு



எங்கள் வீட்டு அலமாரியில் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் வரவும் இல்லை, செலவும் இல்லை. ஒரு பெர்சியப் பூனையும், அது ஈன்ற குட்டிகளும், அக்குட்டிகள் சென்று சேர்ந்த வீடுகளும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் புரட்டிப் பார்க்கும் உறவினர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். குலப் பெருமை பேசுவது அறியாமைக் காலத்துப் பழக்கம் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்க, ஒரு பூனைக்குப் பாட்டன் பாட்டி பெயரெல்லாம் எதற்கு என்பதே அது.

நியாயமான கேள்வி. எங்கள் பூனை உங்கள் பூனையினும் உயர்ந்தது என்று காட்டிக்கொள்வதற்காக எழுதப்படும் வம்சாவளி அந்தக் கண்டனத்துக்குள் வந்துவிடும் என்றே நாங்களும் கருதுகிறோம். ஆயினும் வம்சாவளிக்கு வேறொரு பயன் உண்டு. அது ஒரு சாட்சியம். இந்த உயிர் யாருக்குப் பிறந்தது, அதன் இரத்தத்தில் என்ன நோய் மறைந்து வரக்கூடும், அந்த நோய் வேறு எந்தெந்த வீடுகளுக்குச் சென்றிருக்கும் என்பவற்றை அறிவதற்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. சாட்சியம் என்று ஆனபின், அதில் பொய் கலக்கலாமா என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

பூனைக்கும் நமக்கும் உள்ள உறவை வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பூனைக்குட்டியின் பெயராலேயே அறியப்பட்ட அபூஹுரைரா (ரலி) அவர்களையும், தாம் உளூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை பருகுவதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த அபூ கதாதா (ரலி) அவர்களையும் மதரஸாப் பிள்ளைகள் கூட அறிவர். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் முடிவையும் அறிவர். வளர்க்க எடுத்துக்கொண்டால் பொறுப்பும் உடன் வருகிறது.

பதிவேடு என்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிய பொருள் அன்று. ஒக்கூரைச் சுற்றி வாழும் நகரத்தார் குடும்பங்கள் ஒன்பது கோயில்களைச் சார்ந்த பிரிவுகளாகத் தம்மை வகுத்துக்கொண்டவை. திருமணமான ஒவ்வொரு தம்பதியரையும் ஒரு ‘புள்ளி’யாகக் கோயிலில் பதிந்து வருபவை. இளையாற்றங்குடிக் கோயிலைச் சேர்ந்தவர்களில் ஒக்கூருடையார் என்றே ஒரு பிரிவு உண்டு. நம் ஜமாஅத்துகளிலும் நிகாஹ் பதிவுப் புத்தகத்தில் மணமகன் இன்னாரின் மகன், மணமகள் இன்னாரின் மகள் என்று எழுதி, வலீயும் சாட்சிகளும் கையொப்பம் இடாமல் காரியம் நிறைவேறுவதில்லை. மனிதரின் நஸபையும் பூனையின் வம்சத்தையும் நாங்கள் ஒரே தட்டில் வைக்கவில்லை. எழுதும் கைக்கு இருக்க வேண்டிய கவனம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று மட்டும் சொல்கிறோம்.

2017ஆம் ஆண்டு மல்லி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெயர்தான் மல்லி, நிறம் அடுப்புக்கரி. பெருநகரம் ஒன்றில் விலை கொடுத்து வாங்கிய உறவினர், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது எங்களிடம் ஒப்படைத்துச் சென்றார். அவளுடன் பளபளப்பான பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சான்றிதழும் வந்தது. பெற்றோர் இருவர், அவர்களின் பெற்றோர் நால்வர், அதற்கு முந்தைய தலைமுறையில் எண்மர் என்று பதினான்கு பெயர்கள். எல்லாம் அரண்மனைப் பெயர்கள். பொன்னிற முத்திரை ஒன்றும் இருந்தது.

தடுப்பூசிக்குக் கொண்டு சென்றபோது கால்நடை மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். தாய் சாம்பல் நிறம், தந்தையும் சாம்பல் நிறம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் மல்லியைப் பார்த்தார், மீண்டும் தாளைப் பார்த்தார். சாம்பல் பூனைகள் இரண்டு சேர்ந்தால் கரும்பூனை பிறக்க வழியில்லை என்றார். பூனையில் சாம்பல் என்பது கருமை நீர்த்துப்போன நிறம். நீர்க்கச் செய்யும் மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகள் பெற்றால்தான் அந்நிறம் தோன்றும். சாம்பல் பெற்றோர் இருவரிடமும் கொடுப்பதற்கு வேறு படியே இல்லை. ஆகவே குறைந்தது ஒரு பெயராவது பொய். ஒன்று பொய்யானால் அதற்கு மேலுள்ள பெயர்களின் கதி என்ன?

வீட்டுக்கு வந்து மேலும் துருவினோம். தாய்வழிப் பாட்டியின் பிறந்த நாளும், அதன் மகளின் பிறந்த நாளும் ஐந்து மாத இடைவெளியில் இருந்தன. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 67 நாள். ஐந்து மாதத்தில் குட்டி ஈனுவதென்றால் மூன்று மாதம் கூட நிரம்பாத வயதில் சினைப்பட்டிருக்க வேண்டும். ஹதீஸ் கலையைச் சிறிதளவு படித்தவர்களுக்கு இந்தச் சோதனை புதிதன்று. ஓர் அறிவிப்பாளர் தாம் இன்னாரிடம் நேரில் கேட்டதாகச் சொன்னால், இருவரின் பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் ஒப்பிட்டு, அச்சந்திப்பு நடந்திருக்க முடியுமா என்று அறிஞர்கள் பார்த்தார்கள். காலம் ஒத்துவராத இடத்தில் சங்கிலி அறுந்தது. அந்த முறையைப் பூனைச் சான்றிதழில் பயன்படுத்த நேரும் என்று நாங்கள் எண்ணியதில்லை.

பூனையின் மேனியே ஒரு சாட்சி என்பதை அதன் பிறகுதான் ஊன்றிக் கற்றோம். நீள்முடி கொண்ட பூனைகள் இரண்டு சேர்ந்தால் குட்டிகள் அனைத்தும் நீள்முடியுடனே வளரும். பெர்சிய இணைக்குப் பிறந்ததாகச் சொல்லப்படும் குட்டி குறுமுடியுடன் நின்றால், வேறொரு கடுவன் இடையில் வந்துபோயிருக்கிறது. செம்பட்டை நிறத்தை நிர்ணயிக்கும் மரபணு பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஆண்குட்டி அதைத் தாயிடமிருந்து மட்டுமே பெறும். எனவே கருநிறத் தாய்க்குச் செம்பட்டை மகன் பிறப்பதில்லை. கறுப்பும் செம்பட்டையும் கலந்த, ஆமையோட்டு நிறம் எனப்படும் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். சான்றிதழை வாங்கும்போது இந்த மூன்று நான்கு செய்திகள் மனத்தில் இருந்தால் போதும், பாதிப் பொய்கள் அங்கேயே நின்றுவிடும்.

மறுபாதி கடினமானது. தாய் யார் என்பதற்குக் கண்கண்ட சாட்சி உண்டு. தந்தை யார் என்பதற்கு அத்தனை எளிதில் கிடைக்காது. பூனைக்கு இது மனிதர் நினைப்பதைவிடச் சிக்கலானது. இணைசேர்ந்த பின்னரே அதன் கருமுட்டைகள் வெளியாகின்றன. அந்தப் பருவத்தில் சில நாள்களுக்குள் இரண்டு மூன்று கடுவன்களுடன் சேர்ந்தால், ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருக்கலாம். அரபு நாட்டுப் பாலைவன மக்கள் தம் குதிரைகளின் குலப்பெயரைத் தாய்வழியாகவே எண்ணிவந்தார்கள். கஹீலான், சக்லாவி போன்ற பெயர்கள் பெட்டைக்குதிரையிலிருந்து குட்டிக்கு இறங்கியவை. (அவ்வாறான அரபுக் குதிரைகள் நம் காயல் துறையில் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டியர் காலத்துக் குதிரை வணிகரில் நம் முன்னோர் எத்தனை பேரோ.)

2018 நவம்பரில் மல்லிக்கு இணை தேடியபோது இதையெல்லாம் அறிந்தே செய்தோம். காரைக்குடியில் அறிமுகமான ஒரு குடும்பத்தாரிடம் செம்பட்டை நிறப் பெர்சியக் கடுவன் இருந்தது. செட்டிநாட்டு வீட்டில் பூனையைக் காவல் காப்பது எப்படிப்பட்ட வேலை என்று அத்தகைய வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை. போதாக்குறைக்கு, எங்கள் தெருவின் கடுவனும் செம்பட்டை நிறம்தான். பருவம் தொடங்கியது முதல் மல்லி ஓர் உள்ளறையில் இருந்தாள்; சன்னலுக்குக் கம்பிவலை அடித்தோம். நவம்பர் 10, 11 ஆகிய இரு நாள்கள் காரைக்குடிக் கடுவன் எங்கள் வீட்டில் இருந்தது. அது போன பிறகும் இரண்டு வாரம் அறைக்கதவைத் திறக்கவில்லை. 2019 ஜனவரி 13 அன்று நான்கு குட்டிகள் பிறந்தன. ஆண் இரண்டும் கறுப்பு, பெண் இரண்டும் ஆமையோட்டு நிறம். நான்கும் நீள்முடியுடன் வளர்ந்தன. தெருக்கடுவன் தந்தையாக இருந்திருந்தால், அது நீள்முடிக்கான கூற்றைத் தன்னுள் மறைத்து வைத்திருந்தாலன்றி, ஒன்றாவது குறுமுடியாக இருந்திருக்கும். மேனி சொன்னதும் நாங்கள் எழுதியதும் ஒத்தன.

எழுதும் முறையை வணிகக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டோம். வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் அன்றன்றைய நடப்பைச் சிட்டையில் குறிப்பார்கள். பின்னர் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். எங்களிடமும் இரண்டு புத்தகங்கள். சிட்டையில் நிகழ்ச்சி நிகழ்ந்த அன்றே எழுதப்படும்: கடுவன் வந்த நேரம், போன நேரம், கதவைப் பூட்டியவர் யார், ஒவ்வொரு குட்டியும் பிறந்த மணி, பால், நிறம், எடை. இறந்து பிறந்தாலும் ஒரு வரி உண்டு. பேரேட்டில் பூனைக்கு ஒரு பக்கம். அடித்து அழிக்கும் வழக்கம் இல்லை. தவறான சொல்லின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் திருத்தம், திருத்திய நாள். நேரில் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியே இருக்கின்றன. காரைக்குடிக் கடுவனின் பெற்றோர் பெயர்கள் இரண்டாவது கட்டத்தில்தான் இருக்கின்றன. சொன்னவர் பெயரும் அருகில் உண்டு. மல்லிக்கு மேலுள்ள பதினான்கு கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. அந்தச் சான்றிதழைக் கிழித்தெறியவில்லை. பொய் என்று தெரிந்த ஆவணத்தையும், அது ஏன் பொய் என்ற குறிப்போடு, உறையிலிட்டு வைத்திருக்கிறோம்.

குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆனபோது மைக்ரோசிப் போடச் செய்தோம். அரிசி மணி அளவுள்ள அதைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அதற்கு மின்கலம் கிடையாது, பூனை எங்கே இருக்கிறதென்றும் அது காட்டாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவே. நம் ஊர்ப் பசுக்களின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் 12 இலக்கம். பூனைக்கு மூன்று கூடுதல். சிப் இருந்தால் வம்சாவளி உறுதி என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தப் பூனை இந்தப் பூனைதான் என்பதை மட்டுமே அது சொல்லும்; அதன் தந்தை யார் என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வல்லது மரபணுச் சோதனை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து, தாய், தந்தை, குட்டி மூன்றின் மாதிரிகளையும் ஒப்பிடுகிறார்கள். சந்தேகம் வலுத்த இடத்தில் அச்செலவு தகும்.

பூனைக்குப் பதிவேடு என்னும் வழக்கமே மிகப் பழையதன்று. 1871 ஜூலை 13 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேர் நடத்திய கண்காட்சியிலிருந்து பெரிய பூனைக் கண்காட்சிகளின் வரலாற்றைத் தொடங்குவார்கள். 1887இல் அங்கே தேசியப் பூனைச் சங்கம் அமைந்தது. அமெரிக்கச் சங்கம் 1906இல். உலகப் பூனைக் கூட்டமைப்பு 1988இல் ரியோ டி ஜெனிரோவில் உருவானது. நம் நாட்டில் ஃபீலைன் கிளப் ஆஃப் இந்தியா அதனோடு இணைந்து இயங்குகிறது. இவற்றைவிட எங்களைக் கவர்ந்த செய்தி வேறு. ஐரோப்பியச் சங்கங்கள் சில இரண்டு பதிவேடுகள் வைத்திருக்கின்றன. முன்னோர் முழுமையாகத் தெரிந்த பூனைகளுக்கு ஒன்று. பூர்விகம் தெரியாவிட்டாலும் நடுவர்கள் நேரில் பார்த்து இனத்தின் இலக்கணம் பொருந்துகிறது என்று ஒப்பிய பூனைகளுக்கு மற்றொன்று. இரண்டாவது ஏட்டில் வெறும் கட்டத்தோடு நுழையலாம். சில தலைமுறைகள் நேர்மையாக எழுதப்பட்ட பின், சந்ததி முதல் ஏட்டுக்கு மாறும். தெரியாது என்று எழுதுவதற்கு ஓர் இடம் அங்கே இருக்கிறது.

இனி, இந்தப் புத்தகம் எங்களுக்கு எதற்குப் பயன்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

2023இல் காரைக்குடிக் கடுவன் உணவைக் குறைத்து, தண்ணீரை மிகுதியாகக் குடிக்கத் தொடங்கியது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகங்களிலும் திராட்சைக் குலைபோல் நீர்க்கட்டிகள் இருந்தன. பெர்சிய இனத்தில் வழிவழியாக வரும் நோய் அது. அதற்குக் காரணமான மரபணுப் பிறழ்வு 2004இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு படி வந்தாலே போதும், நோய் வந்துவிடும். ஆகவே அக்கடுவனுக்குப் பிறந்த ஒவ்வொரு குட்டிக்கும் சரிபாதி வாய்ப்பு. கட்டிகள் பிறவியிலேயே இருந்து, மெல்லப் பெருத்து, பெரும்பாலும் நடுவயதில்தான் வெளியே தெரியும். அதற்குள் அந்தப் பூனை பலமுறை ஈன்றிருக்கும்.

கடுவனின் குடும்பத்தார் மறைக்கவில்லை. அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. மஃரிபுக்குப் பிறகு நாங்கள் பேரேட்டை விரித்து உட்கார்ந்தோம். நான்கு பெயர்கள், நான்கு எண்கள். இருவர் உடனே எடுத்தார்கள். மூன்றாமவர் தம் பூனையை 2021இல் திருப்பத்தூரில் உள்ள சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்திருந்தார்; கைமாறினால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்திருந்ததால் அந்த வரியும் புத்தகத்தில் இருந்தது. நான்காவது எண் இயக்கத்தில் இல்லை. சிட்டையில் குறித்திருந்த ஊரையும் தெருவையும் வைத்து, அங்கே துணிக்கடை நடத்தும் ஒருவர் மூலம் பத்து நாளில் கண்டுபிடித்தோம். தொண்டிக்குக் குடிபோயிருந்தார்கள்.

பத்து மாதம் கடந்த பூனைக்கு ஸ்கேனிலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்று பூனைகளைப் பார்த்தார்கள். கரும்பூனை ஒன்றுக்கு ஒன்றும் இல்லை. திருப்பத்தூர்ப் பெண்பூனைக்கும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மற்றொரு பெண்பூனைக்குச் சிறிய கட்டிகள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்மணி அடுத்த மாதம் அதற்கு இணை சேர்க்க எண்ணியிருந்தார். “நல்ல வேளை சொன்னீர்கள்” என்று கூறிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அந்தப் பூனைக்கு இப்போது கருத்தடை செய்திருக்கிறார்கள். உணவிலும் தண்ணீரிலும் கவனம் வைத்து நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். மல்லிக்கும் ஸ்கேன் எடுத்தோம், குறையில்லை. அவளுடைய பெற்றோருக்கு என்ன இருந்தது, அவளுடன் பிறந்தவை எங்கே, அவற்றுக்கு யார் சொல்வது என்பதற்கெல்லாம் பொன்முத்திரைச் சான்றிதழில் விடை கிடையாது.

இதையெல்லாம் அறிந்த உறவுத் தம்பி ஒருவர்தான் எங்களிடம் அந்தக் கோரிக்கையோடு வந்தார். அவரிடமும் பெர்சிய இணை ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நெருக்கடி. தாளோடு கொடுத்தால் குட்டிக்கு இரட்டிப்பு விலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கையெழுத்து நன்றாக இருக்குமாம். “அண்ணே, எட்டுப் பெயர்தானே குறைகிறது, நல்ல பெயராகப் போட்டுக் கொடுங்கள். பூனை வந்து கேட்கவா போகிறது?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் தேவை மெய்யானது என்பதால் எங்களால் சிரிக்க முடியவில்லை.

ஈரமான தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பியிருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனில் மிக நீண்டது; எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பது அதில் முதலிலேயே வந்துவிடுகிறது. கற்பனையாக எழுதிய எட்டுப் பெயர்களால் வாங்குபவருக்கு இரண்டு நட்டம்: கூடுதலாகக் கொடுத்த பணம் ஒன்று, நாளை நோய் வந்தால் இல்லாத உறவைத் தேடி அலைவது மற்றொன்று. தம்பியிடம் இதைச் சொன்னோம். தெரிந்த ஆறு பெயர்களை மட்டும் எழுதி, எஞ்சியவற்றில் ‘தெரியாது’ என்று போட்டு, இரண்டுக்கும் ஸ்கேன் எடுத்த தாளை இணைத்துக் கொடுங்கள், அதற்குரிய செலவை நாங்கள் ஏற்கிறோம் என்றோம். அவர் ஒப்பவில்லை. “உங்களுக்கு வசதி இருக்கிறது, சொல்கிறீர்கள்” என்று எழுந்து போனார். அதில் உண்மை இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் வரவில்லை. கட்டணத்தின் ஒரு பகுதியை எங்கள் வீட்டுப் பெரியவர் அவருடைய மனைவியிடம் கடனாகக் கொடுத்தார், எழுதித்தான் கொடுத்தார். இப்போது அவர் தாளே இல்லாமல் குறைந்த விலைக்குக் குட்டிகளைக் கொடுக்கிறார் என்று கேள்விப்படுகிறோம்.

பூனையை விலைக்கு விற்கலாமா என்ற கேள்வியும் இங்கே எழும். பூனையின் விலையைத் தடுத்து ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அறிஞர்கள், வீட்டில் வளர்க்கும் பூனையை விற்பது கூடும் என்றும், அந்தத் தடை வெறுக்கத்தக்கது என்னும் பொருளிலோ காட்டுப்பூனை பற்றியோ வந்தது என்றும் விளக்கியிருக்கிறார்கள். கூடாது என்று கொண்டவர்களும் உண்டு. நாங்கள் விலை வாங்காமல் கொடுத்தோம். அது எங்கள் மனநிறைவுக்காக. சட்டம் வேண்டுவோர் தம் ஊர் ஆலிமைக் கேட்டுக்கொள்ளட்டும். விற்றாலும் கொடுத்தாலும், கையில் தரும் தாளுக்கு விதி ஒன்றே என்று கருதுகிறோம்.

மல்லிக்குக் கருத்தடை செய்துவிட்டோம். பேரேட்டில் அவளுடைய பக்கத்தில் இனி அதிகம் எழுதுவதற்கு இல்லை. தொண்டிக் கரும்பூனைக்கு மட்டும் இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை. அருகில் அந்த வசதி இல்லை, ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ரமளான் முடிந்ததும் போகிறோம், இன்ஷா அல்லாஹ், என்று அந்த வீட்டு மகன் போன வாரம் செய்தி அனுப்பியிருக்கிறார். அவர் அனுப்பிய நாளைச் சிட்டையில் குறித்து, முடிவுக்கான கட்டத்தை விட்டு வைத்திருக்கிறோம்.